‘கோபத்தை அடக்கு’ என்று யாருக்குச் சொல்கிறீர்கள்? தொடக்கப் பள்ளியும் உணர்வுக் கல்வியும்

தொடக்கப் பள்ளி வட்டாரத்தில் இப்போது ஒரு சொல் அதிகம் புழங்குகிறது: சமூக, உணர்வுசார் கற்றல். தொண்டு நிறுவனப் பயிற்சிகள், ஆசிரியர் கூட்டங்கள், சமூகப்பணி மாணவர்களின் களப்பணி அறிக்கைகள் என்று எங்கும் அது வந்துவிட்டது. குழந்தை தன் உணர்வைத் தானே அறிய வேண்டும், கோபத்தைக் கையாள வேண்டும், அடுத்தவர் வலியைப் புரிந்துகொள்ள வேண்டும், எல்லோருடனும் ஒத்துப்போக வேண்டும், யோசித்து முடிவெடுக்க வேண்டும். இந்த ஐந்தையும் ஐந்து வயதிலிருந்தே பழக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு வகுத்த பட்டியல் இது. டெல்லி அரசு 2018-இல் ‘மகிழ்ச்சிப் பாடம்’ என்று தனிப் பாடவேளையே கொண்டுவந்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் இதைப் பேசுகிறது.

நம் தோழர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வருகிறது. “நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று ஆயிரம் வேலை கிடக்கும்போது, சுவரில் ஸ்மைலி ஒட்டிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா?” என்பது ஒன்று. “நல்ல விஷயம்தானே, பிள்ளைகள் அன்பாக இருக்கப் பழகட்டும். இதில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள்?” என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. சாதியை ஒரு குழந்தை முதலில் கற்பது உணர்வின் வழியாகத்தான். சட்டமும் வரலாறும் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கூச்சம், பயம், அருவருப்பு, அகந்தை ஆகியவை தெரிந்துவிடுகின்றன. ஆகவே உணர்வுக் கல்வி நம்முடைய வேலை. அதை மற்றவர்கள் கையில் விட்டால், அடிபட்ட பிள்ளைக்கே அமைதியாக இருக்கக் கற்றுத்தரும் பாடமாக அது முடிந்துவிடும்.

எந்த வயதில் தொடங்குகிறது?

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. அதில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தெருவில் ஒரு காட்சியைப் பார்க்கிறாள். தன் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய்ப் பண்ணையாரிடம் கொடுக்கிறார். சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் வந்து அதை வேடிக்கையாகச் சொல்கிறாள். பொட்டலம் தீட்டாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிக் கொண்டுபோனார் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்று ஆத்திரம் வருகிறது. ஒரு குழந்தைக்குள் சாதி எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு நம்மிடம் குறைவு. அந்தச் சிறுமிக்குக் கோபத்தைக் ‘கையாள’ யாரும் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரவில்லை. அண்ணன் உண்மையைச் சொன்னார். நன்றாகப் படி என்று சொன்னார். அவளுக்கு அது உதவியது.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிச் சீருடையில் தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருவுக்கு இனி எதுவும் தர மாட்டோம் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அந்தக் காணொளி பரவியது, வழக்குப் பதிவானது, கைது நடந்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது, சரி. ஆனால் கடை வாசலில் கையில் காசோடு நின்ற பிள்ளைகளுக்குள் அன்று என்ன நடந்தது? மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி யார் பேசினார்கள்? அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்க நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் போவோம். இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கை வரலாற்றில் கோயம்புத்தூர்ப் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பழகினால் சாதி தெரிந்துவிடுமோ, தெரிந்தால் இழிவாக நடத்துவார்களோ என்ற அச்சத்தில் அவர் யாரோடும் சேராமல், பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். இன்றைய மதிப்பீட்டுத் தாளில் அவருக்கு என்ன எழுதுவார்கள்? ‘நட்பு கொள்ளும் திறன்: மேம்பட வேண்டும்.’ அம்பேத்கர் தன் கோணிச் சாக்கை வீட்டிலிருந்தே கொண்டுவந்து, அதில் தனியாக உட்கார்ந்து படித்தார். பள்ளிப் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் அவருக்குத் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். அந்தச் சிறுவனுக்கு ‘தன்னடக்கம்’ என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

இந்தப் பட்டியலோடு எனக்கு இருக்கும் முதல் சண்டை இதுதான். குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஒன்றை அது குறைபாடு என்று எழுதிவிடும். குழந்தையின் மேல் திணிக்கப்பட்ட ஒன்றை அது திறமை என்று எழுதிவிடும்.

பெயரை வாசித்தால் போதும்

உணர்வுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இங்கேயே நடந்த ஓர் ஆய்வு உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் வரைந்த புதிர்ப் பாதைகளைக் கொடுத்து, வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாருடைய சாதியையும் அறிவிக்காதபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்தார்கள். ஊர், அப்பா பெயர், சாதி என்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிட்டுத் தொடங்கியபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் செயல்பாடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. அதே மாதிரிச் சிறுவர்கள், அதே புதிர். வாசித்த சில சொற்கள்தான் வித்தியாசம்.

இதை நம் வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். “எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிச்சு நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு.” இந்த வாக்கியத்தைக் கேட்காமல் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சொல்கிற ஆசிரியருக்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் எழுந்து நிற்கும் பிள்ளை அடுத்த பாடவேளையில் கணக்குப் போட வேண்டும். நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை இதைக் கவனித்திருக்கிறது. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றும், உதவித்தொகை விவரங்களை மாணவரிடம் தனியாகத்தான் தெரிவிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. இதைச் செய்யப் பணமும் பயிற்சியும் தேவையில்லை. எந்த மகிழ்ச்சிப் பாடவேளையைவிடவும் இதனால் கிடைக்கும் பலன் அதிகம்.

சார்ட்டில் இல்லாத முகம்

உணர்வுகளைச் சொல்லித்தரும் சார்ட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வட்ட முகங்கள்: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு. பிள்ளைகள் ‘இன்று நான் எப்படி இருக்கிறேன்’ என்பதைத் தொட்டுக் காட்ட வேண்டும். இதில் அவமானத்துக்கு முகம் கிடையாது. நம் தெருப் பிள்ளைகள் மிக அதிகமாகச் சுமக்கும் உணர்வு எதுவோ, அது மட்டும் சார்ட்டில் இல்லை.

மாலை வகுப்புகளில் பிள்ளைகளிடம் என்ன ஆச்சு என்று கேட்டால் வரும் பதில்கள் எனக்குப் பழக்கம். “ஒண்ணுமில்லக்கா”, “ஒரு மாதிரியா இருக்கு”, “கடுப்பா இருக்கு”. அந்த ‘ஒரு மாதிரி’க்குள் என்னென்னவோ இருக்கிறது. தண்ணீர் கேட்டபோது அண்ணாந்து குடிக்கச் சொன்னது இருக்கலாம். கூட விளையாடுகிற பெண் வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டு உள்ளே போனது இருக்கலாம். இவற்றைச் சொல்லப் பிள்ளைக்குச் சொல் வேண்டும். நம் மொழியில் அதற்குப் பஞ்சமில்லை: கூச்சம், ஏக்கம், வெட்கம், அவமானம், ஆத்திரம், ரோஷம்.

இதில் வெட்கத்துக்கும் அவமானத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தருவது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். நான் தப்பு செய்தால் எனக்கு வருவது வெட்கம். என்னை ஒருவர் கீழாக நடத்தினால் எனக்கு நேர்வது அவமானம். அதில் தப்பு அவருடையது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். புரியாமல் போனால் அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் வெட்கமாகவே எடுத்துக்கொள்ளும். என் வீடு, என் தெரு, என் அம்மாவின் வேலை, என் தட்டில் இருக்கும் கறி எல்லாமே மறைக்க வேண்டியவை என்றாகிவிடும். கல்லூரி விடுதிவரை அதைச் சுமந்து வந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

ரோஷத்தையும் அப்படியே சொல்லித்தர வேண்டும். நம் ஊர்களில் “ரோஷக்காரப் புள்ள” என்பது திட்டும் பாராட்டும் கலந்த சொல். மரியாதை குறையும்போது எழும் கோபம் அது. “கோபம் கெட்டது, பத்து எண்ணு” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது நியாயமாகாது. பென்சிலைப் பறித்ததற்காக வரும் கோபமும், சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காக வரும் கோபமும் ஒன்றல்ல. பத்து எண்ணுவதில் தவறில்லை. கை ஓங்காமல் இருக்க, நடந்ததைத் தெளிவாகச் சொல்ல அது உதவும். ஆனால் பத்து எண்ணி முடித்த பிறகு, யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவர் என்ன செய்வார் என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அந்தப் பதினோராவது எண் இல்லாத பயிற்சி வாயை மூடும் பயிற்சிதான்.

எதிர்ப் பக்கத்துப் பிள்ளை

இதுவரை நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன். சரியாகச் சொன்னால், இந்தக் கல்வி அதிகம் தேவைப்படுவது ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளுக்கு.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிவானது. அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும், தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் தலித் பெண் சமைத்ததைச் சில பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. ஆட்சியர் போனார், நாடாளுமன்ற உறுப்பினர் போனார், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாதிக் கொள்கை எதுவும் கிடையாது. “அங்க சாப்பிடாத” என்று வீட்டில் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் தெரிந்த சுளிப்பு மட்டும்தான் அதற்குத் தெரியும். அதைப் பார்த்து அருவருப்பைக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொடுத்து வருகிற உணர்வு என்பதால், அந்த வயதிலேயே எதிர்ப்பாடமும் நடத்த முடியும். பதினாறு வயதில் மணிக்கட்டில் கயிறு கட்டிய பிறகு நடத்துவது கடினம்.

பள்ளிகளில் இப்போது ‘பரிவு’ என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் பரிதாபம். “பாவம், அவங்க வீட்ல ஒண்ணுமில்ல, நாமதான் உதவணும்” என்று ஆசிரியர் சொல்வார். கேட்கிற ஊர்ப் பிள்ளை தன்னைக் கொடுப்பவனாகவும் பக்கத்தில் இருப்பவனை வாங்குபவனாகவும் பார்க்கும். பழைய படிக்கட்டு அப்படியே இருக்கும், மேல் படியில் இருப்பவனுக்குக் கொஞ்சம் நல்ல மனசு வந்திருக்கும். “அவனை அப்படிக் கூப்பிட்டது சரியா? நீ கூட இருந்தபோது என்ன செய்தாய்? அடுத்த தடவை என்ன செய்வாய்?” என்று கேட்பதுதான் பரிவைக் கற்பிக்கும் வழி. பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கும் பொறுப்பு உண்டு என்பதை ஒன்பது வயதில் கற்பிக்கலாம்.

இதற்காகப் பிள்ளைகளை வைத்துச் சோதனை நடத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரித்து நடத்தினார். சில மணி நேரத்திலேயே ‘உயர்ந்த’ பிள்ளைகள் அதட்டத் தொடங்கினார்கள், ‘தாழ்ந்த’ பிள்ளைகள் படிப்பிலும் பின்வாங்கினார்கள். வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே இருந்த வகுப்பு அது. நம் வகுப்பறையில் அதைச் செய்தால் தினமும் பட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை இன்னொரு முறை படும். அதேபோல, தலித் பிள்ளையை எழுப்பி “உனக்கு நடந்ததைச் சொல்லு” என்று மற்றவர்களுக்குப் பாடமாக்குவதும் வேண்டாம். அதற்குக் கதைகள் இருக்கின்றன.

“சின்னப் பிள்ளைகளிடம் சாதியைப் பேசலாமா?”

இந்தக் கேள்வியை நல்ல ஆசிரியர்கள்கூடக் கேட்கிறார்கள். பிஞ்சு மனசில் நஞ்சைக் கலக்காதீர்கள் என்கிறார்கள். கடைக்காரர் பேசிவிட்டார். வீட்டில் பாட்டி பேசிவிட்டார். திருவிழா மைக்செட் பேசிவிட்டது. பள்ளி மட்டும் பேசாமல் இருந்தால், மற்ற எல்லோரும் சொன்னது சரி என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். பாடநூலின் முதல் பக்கங்களில் தீண்டாமை குற்றம் என்று அச்சடித்திருக்கிறோம். அந்தப் பக்கத்தை விரித்து வைத்து எத்தனை வகுப்புகளில் பத்து நிமிடம் பேசியிருக்கிறோம்?

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் 1940-களில் மூன்று முதல் ஏழு வயதுவரையான கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை, கறுப்புப் பொம்மைகளைக் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வும் அதில் மேற்கோளாக இடம்பெற்றது. அங்கே குழந்தையின் மனக்காயம் சட்டத்தின் முன் சான்றாக நின்றது.

இங்கே, நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, 2023 ஆகஸ்டில் சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை தந்தது. முக்கியமான அறிக்கை, நாம் எல்லோரும் படிக்க வேண்டியது. அது பரிந்துரைக்கும் வாராந்திர அறநெறி வகுப்பு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. என் வாதம், அது ஒன்றாம் வகுப்பிலிருந்து, அந்த வயதுக்கேற்ற வடிவத்தில் தொடங்க வேண்டும் என்பது. ஆறாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளை சாதியில் ஐந்து ஆண்டுப் படிப்பை முடித்திருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவுப் பாடசாலையோ மாலை நேர வகுப்போ நடத்துகிற தோழர்கள், களப்பணிக்குப் போகிற மாணவர்கள் இந்த வாரமே தொடங்கக்கூடியவை சில.

ஒன்று, உங்கள் சார்ட்டை நீங்களே வரையுங்கள். அவமானம், ஏக்கம், ரோஷம், பெருமை நான்கையும் சேர்த்து, முகங்களைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். பெருமையை விட்டுவிடாதீர்கள். பறையடிக்கிற தாத்தாவும் நாற்று நடுகிற அம்மாவும் பெருமையின் பக்கத்தில் வர வேண்டும்.

இரண்டு, கதை சொல்லுங்கள், நடுவில் நிறுத்துங்கள். “இப்ப இவளுக்கு எப்படி இருக்கும்? கூட இருந்தவன் என்ன செய்திருக்கலாம்?” என்று கேளுங்கள். பதிலைத் திருத்த அவசரப்பட வேண்டாம். அம்பேத்கரின் கோணிச் சாக்குக் கதை ஏழு வயதுப் பிள்ளைக்கே புரியும்.

மூன்று, வேலைப் பட்டியலைப் பாருங்கள். வகுப்பைப் பெருக்குவது யார், தண்ணீர் எடுத்து வருவது யார், லீடர் யார், சாருக்கு டீ வாங்கப் போவது யார், யாரை அனுப்புவதில்லை? 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் கைதாகும் நிலை வந்தது. அந்த அளவுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். எல்லா வேலைக்கும் சுழற்சி முறையில் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கழிவறை மட்டும் எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. உட்காரும் வரிசைக்கும் சாப்பாட்டு வரிசைக்கும் இதே சுழற்சி வேண்டும். சேர்ந்து உட்காராத பிள்ளைகளுக்கு ‘ஒத்துழைப்பு’ பற்றி எத்தனை பாட்டு சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது.

நான்கு, சொல்லப் பழக்குங்கள். “என்னை அப்படிக் கூப்பிடாதே, என் பெயர் இது” என்று நேராக நின்று சொல்வதை நாடகமாக நடித்துப் பழகட்டும். பக்கத்தில் இருப்பவன் “அவளை அப்படிச் சொல்லாத” என்பதையும் பழகட்டும். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக் கல்வி உதவி எண் இரண்டும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். உடலால் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. ‘மனத்தளவில்’ என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது என்பதை ஆசிரியருக்கு மரியாதையோடு நினைவூட்டுங்கள்.

ஐந்து, பள்ளி மேலாண்மைக் குழுவுக்குள் போங்கள். அதே சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் உண்டு. பாதிப் பேர் பெண்கள். நம் தெரு அம்மாக்கள் பலருடைய பெயர் அதில் இருக்கும், கையெழுத்தும் இருக்கும், குரல் மட்டும் இருக்காது. கூட்டத்துக்கு முதல் நாள் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். உதவித்தொகை அறிவிப்பை வகுப்பில் வாசிக்கக் கூடாது என்ற ஒரே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள். அதில் தொடங்கலாம்.

1855-இல் பூனாவில், ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற பதினான்கு வயது மாங் சாதிச் சிறுமி, தன் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. அவள் பள்ளியில் படித்தது மூன்று ஆண்டுகள்தான். அந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளி அவளுடைய கோபத்தைக் குறைக்கவில்லை; கோபத்துக்குச் சொற்களைக் கொடுத்தது, அது நியாயம்தான் என்ற தைரியத்தைக் கொடுத்தது. நம் தெரு முனையில் இருக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளை ஐந்து ஆண்டுகள் படிக்கிறது. மூன்று ஆண்டில் முடிந்ததை ஐந்து ஆண்டில் கேட்பது பேராசை இல்லை.

ஜெய்பீம்.